ஒரு தலை அதிகம்

"யாரும் வாயைத் திறக்கக் கூடாது! நான் எண்ணி முடிக்கற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது!"

காவலர் டார்லீன் போட்ட அதட்டலில் வரிசை விறைத்து நின்றது. கைகள் முதுகுக்குப் பின்னால், கண்கள் நேராக. கைதிகள்தான், ஆனால் காட்டுத்தீ அணைக்கப் போகிற கைதிகள். கலிஃபோர்னியா மலைக்கு நடுவில் இருக்கும் அந்தச் சிறை முகாமுக்கு வேலியே கிடையாது. அதனால் தீயணைப்பு வண்டி கிளம்புவதற்கு முன் தலை எண்ணியே ஆக வேண்டும். கணக்கு சரியாக வராமல் சக்கரம் உருளக் கூடாது.

பதினான்கு பேர் இருக்க வேண்டும். இரண்டாம் முறையும் பதினைந்து வந்தது.

டார்லீன் கையிலிருந்த பட்டியலை மறுபடி பார்த்தாள். ஒருவன் குறைந்தால் ஓடிவிட்டான் என்று அர்த்தம். அதற்கு என்ன செய்வதென்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒருவன் கூடினால்? ஜெயிலுக்குள் எவனாவது திருட்டுத்தனமாக நுழைவானா?

முகத்தைப் பார்த்துப் பிடிக்கலாம் என்றால், அவளுக்கு இங்கே இன்றுதான் முதல் நாள். காலையில் கருகிய புதரை வெட்டிவிட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தவர்கள், ஹார்ன் சத்தம் கேட்டு அப்படியே ஓடி வந்திருந்தார்கள். எல்லார் மேலும் பனியன், எல்லார் முகத்திலும் கரி. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

எதிர்மலையில் புகை திரண்டுகொண்டே போனது. அந்த மலையின் அடிவாரத்தில்தான் டார்லீனின் அம்மா இருக்கிறாள், தனியாக, நடக்க முடியாத காலோடு. இந்த ஆட்கள் போய் மறித்தால்தான் தீ அங்கே இறங்காது. அவர்களைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பதோ அவளே.

"மேடம், ஒரே ஒரு விஷயம்..." வரிசையில் முன்னால் நின்ற கைதி லமாண்ட் இழுத்தான்.

"வாயை மூடுன்னேன்ல! இன்னொரு வார்த்தை பேசினா பழைய ஜெயிலுக்கே திருப்பி அனுப்பிடுவேன்!"

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் முறை. அதே பதினைந்து. அவளுக்கு அழுகை முட்டியது.

"சரி, ஒவ்வொருத்தனா நம்பரைச் சொல்லிட்டு வண்டியில ஏறு!"

சொல்லிச் சொல்லி ஏறினார்கள். டார்லீன் பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒருவன் மிஞ்சினான். நாற்பது வயதிருக்கும். மற்ற எல்லாரையும்விட விறைப்பாக நின்றான்.

"நம்பர்?"

மடமடவென்று ஒப்பித்தான், தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற வேகத்தில்.

"அப்படி ஒரு நம்பரே இங்க இல்லையே! யார்டா நீ?"

அவன் திருதிருவென்று விழித்தான். குனிந்து தன் கால்களைப் பார்த்தான், அவை எப்படி இங்கே வந்தன என்று அவனுக்கே புரியாததுபோல. வண்டி ஜன்னலில் லமாண்ட் தலையில் அடித்துக்கொண்டான்.

அதற்குள் அலுவலகத்திலிருந்து மேலதிகாரி ஹட்சின்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏம்மா டார்லீன், வயர்லெஸ்ல கிழிகிழின்னு கிழிக்கறாங்க! வண்டி ஏன் இன்னும் கிளம்பல? காலையில புதுசா வேலைக்குச் சேர்ந்து இவங்களோடயே புதர் வெட்டப் போனாரே தீயணைப்பு கேப்டன், அவர்தானே ஓட்டணும்? எங்க போய்த் தொலைஞ்சாரு மனுஷன்?"

எதிரே நின்ற ஆள் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"நான்தான் சார்," என்றபடி ஓட்டுநர் இருக்கைக்குத் தாவி ஏறினார். "மன்னிச்சிடுங்க மேடம், நான் சொன்னது என் பழைய நம்பர். ஏழு வருஷம் இதே வரிசையில நின்னவன் நான். ஹார்ன் அடிச்சதும் கால் தானா வந்து நின்னுடுச்சு. நீங்க அதட்டினதும் வாயும் தானா மூடிக்கிச்சு."