பரோனேயின் தூண்டில்

"இத்தால் சகலருக்கும் அறியத்தருவது என்னவெண்டால், பலெர்மோத் தமிழர் சரித்திரத்திலை முதன்முதலா ஒரு தமிழன் இறகாலை கட்டின பொய் ஈயை வைச்சு ட்ரவுட் மீன் பிடிக்கப்போறான்!" என்று முழங்கினார் அம்பலவாணர்.

சகலரும் என்று அந்த ஆற்றங்கரையில் நின்றது அகஸ்ரின் ஒருவன்தான். அவனும் கை தட்டவில்லை.

அவன் கவலை வேறு. இத்தாலியில் இருப்பதற்கான அவனுடைய பெர்மெஸ்ஸோ வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலை தருவதாக யாராவது ஒரு இத்தாலியர் கையெழுத்துப் போட்டால்தான் நீடிப்பார்கள். நீடித்தால்தான் கொழும்பு லொட்ஜில் குழந்தையோடு காத்துக் கிடக்கும் மனைவி புனிதமலரை இங்கே எடுக்கலாம்.

அவன் மலைபோல் நம்பியிருந்தது பரோனேயின் கையெழுத்தை. அம்பலவாணர் வருடக்கணக்காக அங்கேயே தங்கிச் சமைத்துப்போட்டு, கார் ஓட்டி, நாயையும் குளிப்பாட்டிய வீட்டின் பிரபு அவர். "ஞாயிற்றுக்கிழமை ஆத்தடிக்கு வா, பரோனேயின்ரை விசயம் கதைக்கவேணும்" என்று சொல்லி, இரண்டு பஸ் மாற்றி அவனை இங்கே கொண்டுவந்திருந்தார் அம்பலவாணர்.

அம்பலவாணரின் தலையில் பரோனே போட்டுக் கழித்த தொப்பி. பரோனேயின் மேற்சட்டை, அதில் சட்டையை விடப் பொக்கற் அதிகம். தொடை வரை ஏறும் பரோனேயின் ரப்பர் சப்பாத்துக்குள் அம்பலவாணரின் கால்கள் எங்கேயோ தொலைந்துபோயிருந்தன.

"அண்ணை, பரோனே எத்தினை மணிக்கு வருவார்?"

"முதல்லை ஆத்தைப் பார். மலைப்பனி கரைஞ்சு வருது, அதுக்கு மேலாலை மழைத்தண்ணி. இப்பிடிப் பெருகேக்கை மீன் நடுவிலை நிக்காது. கரையோரம் கல்லுக்குப் பின்னாலை ஒதுங்கி நிக்கும்."

ஆறு தேநீர் நிறத்தில், ஒரு முழு மரத்தையே இழுத்துக்கொண்டு போனது. அம்பலவாணர் நூலைப் பின்னால் வீசி முன்னால் எறிந்தார். பின்னால் போனது வரவில்லை. இறகு சுற்றிய கொக்கி அரளிப் பற்றைக்குள் சிக்கிக்கொண்டது. அகஸ்ரின் மறுபடியும் ஏறிப் போய்க் கழற்றினான்.

"இதுவும் கலையோ அண்ணை?"

"கதைக்காமல் கழட்டு."

"பிடிச்சா என்ன செய்வியள்? பொரியலோ, குழம்போ?"

அம்பலவாணர் கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"முத்தம் குடுத்திட்டுத் தண்ணியிலை விடுறது."

"விடுறதோ?"

"பசிக்குப் பிடிக்கிறது பட்டிக்காட்டு வேலை. பிடிச்சுப்போட்டு விடுறதுதான் கனவான் வேலை. பரோனே ஒரு மீனையும் சாகடிச்சதில்லை, தெரியுமோ?"

"எங்கடை பேசாலைக் கடற்கரையிலை உப்பிடி விட்டா, விசரெண்டு கட்டிப்போடுவினம்."

"அதுதான் உங்கடை பேசாலையிலை ஒரு பரோனேயும் இல்லை."

வெயில் சாய்ந்தது. ஆறு இறங்கவில்லை. பாதையில் கார் ஒன்றும் வரவில்லை. அம்பலவாணர் கனவான்களின் நூல் முடிச்சுகள், கனவான்களின் பொறுமை, கனவான்கள் சேற்றில் வழுக்கினால் விழும் முறை என்று விளக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னதைச் செய்தும் காட்டினார்.

அவரைத் தூக்கிவிட்ட கையோடு அகஸ்ரின் உடைந்துபோனான்.

"அண்ணை, நேற்று புனிதம் ரெலிபோனிலை ஒரே அழுகை. லொட்ஜிலை பொலிஸ் வந்து கதவைத் தட்டித் தட்டி விசாரிக்கிறாங்களாம். பிள்ளைக்குக் காய்ச்சல் விடுதில்லை. நான் அவளுக்கு என்னத்தைச் சொல்ல? ஒரு கையெழுத்து அண்ணை. உங்கடை காலிலை விழுந்து கேக்கிறன்."

அம்பலவாணர் நூலை மறுபடியும் தண்ணீரில் எறிந்தார். "தண்ணி கொஞ்சம் வத்தட்டும்" என்றார்.

"அது வத்த முதல் வெள்ளிக்கிழமை வந்திடும்."

அப்போதுதான் நூல் விறைத்தது. தடி வளைந்தது. அம்பலவாணர் பாதி விழுந்து, பாதி எழும்பி இழுத்தார். உள்ளங்கை நீளத்தில் ஒரு ட்ரவுட், புள்ளிகளோடு, புல்லில் துள்ளியது.

அகஸ்ரினுக்கு உயிர் வந்தது. மனுசன் இப்போது நல்ல மனநிலையில் இருப்பார், கேட்டால் மறுக்கமாட்டார்.

"ஆகா! முத்தத்தைக் குடுத்து விடுங்கோ அண்ணை. விட்டிட்டுக் கதைப்பம்."

அம்பலவாணர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். மீனின் தலையில் ஓங்கி அடித்தார். அதைப் பேப்பரில் சுற்றிப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

"என்ன அண்ணை, விடேல்லையோ?"

"ராவைக்குச் சாப்பிட வேறை ஒண்டும் இல்லை." அந்தக் குரலில் கனவான் எவரும் இல்லை. "அகஸ்ரின், அல்பெர்கேரியாப் பக்கம் உங்கடை அறையிலை ஒரு ஆள் படுக்க இடம் கிடக்குமோ?"

"ஆருக்கு அண்ணை?"

"எனக்குத்தான். பரோனே போன மாசம் செத்துப்போனார்."