வெளுக்காத விட்டம்

வேல்ஸ் நாட்டு மலைச்சரிவில் ஒரு பண்ணை வீடும் வைக்கோல் கொட்டகையும் எதிரெதிரே நின்றன.

"உன்னை இடிக்க இன்றைக்கு ஆள் வருகிறான். உன் கூரையெல்லாம் ஒரே கரி. வேறென்ன செய்வார்கள்?" என்றது வீடு.

"அது அடுப்புக் கரி. மாடும் வைக்கோலும் வருவதற்கு முன்னால் என்னிடம் மனிதர்கள் குடியிருந்தார்கள். உன்னைக் கட்டியவர்கள் இங்கேதான் பொங்கித் தின்று தூங்கினார்கள்," என்றது கொட்டகை.

"சும்மா அளக்காதே!"

"உன் கூரைக்கு ஒரு மரம் குறைந்தது. என்னிடமிருந்து கழற்றிக்கொண்டார்கள். அண்ணாந்து பார்."

வீடு பார்த்தது. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தும் வெளுக்காத அந்த நடு விட்டம்!

அதற்குள் கடப்பாரையோடு ஆள் வந்துவிட்டான்.

"இடிக்கச் சொன்ன கொட்டகை எது?"

"கொட்டகையா? இங்கே இரண்டும் வீடுதான்," என்றது வீடு.