அளவு சரியாக இருந்தது

மீனலோசனி கல்யாணமான மறுவருடத்திலிருந்து இருமுனை மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாள். அந்த மருந்து மூளைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே அளக்கும் காந்தத் தொப்பி வந்ததும் அவள் கணவன் கதிரேசனுக்குப் பெரிய நிம்மதி. அவள் கோபப்பட்டால் தொப்பியை எடுத்து வருவான். அளவு குறைந்திருந்தால், "இது நீ இல்லம்மா, நோய் பேசுது" என்பான். சரியாக இருந்தால், ஏதோ அசதி என்று விட்டுவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அவள் சொன்னாள்: "திருச்சியில வேலை கிடைச்சிருக்கு. இன்னிக்கே போறேன். இனிமே உங்ககூட இருக்க எனக்குப் பிடிக்கல."

குரல் உயரவே இல்லை. ஆனாலும் அவன் தொப்பியைக் கொண்டுவந்தான். அவளே அதை வாங்கி மாட்டிக்கொண்டாள். திரையில் பச்சை எரிந்தது. அளவு சரியாக இருந்தது.

"இன்னொரு தடவை பாத்துருவோமே."

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் பச்சைதான். குறைந்திருக்கக் கூடாதா என்று அவன் மனம் கிடந்து தவித்தது.

"உன்னை நான் நல்லாத்தானே பாத்துக்கிட்டேன், மீனா?"

"பாத்துக்கிட்டீங்க. நான் சொன்னதைத்தான் ஒருநாளும் கேட்டுக்கல."

ஆட்டோ வந்தது. பெட்டியை அவனே தூக்கி வைத்தான். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"ஏன் மீனா, உனக்கு என்னதான் குறை?" என்று அப்போதுதான் கேட்டான்.

வீட்டில் யாரும் இல்லை.