எழுதியவர் பேசக் கூடாது

எங்கள் பல்கலைக்கழகத்தின் கதை வகுப்பில் மேடம் வைத்த சட்டம் ஒன்றுதான். கதையை அலசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது.

மேடம் இறந்தபின் நடந்த முதல் வகுப்பு அது. புது லெக்சரர் கடைசி வரிசையில் இருந்த ஒருவரைக் காட்டி, "சார் கொண்டுவந்த கதை. தயங்காம கிழிங்க" என்றார்.

கதையில் ஓர் அம்மா மகனுக்குப் போன் செய்கிறாள். அவன் எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

"இது ஒரு முடிவா? பாதியில எழுந்து போன மாதிரி இருக்கு" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பையன் சரியான கல்நெஞ்சன்" என்றேன்.

"மீட்டிங்ல இருந்திருப்பான்டா" என்றான் முன்னால் இருந்தவன்.

"முடிஞ்சதும் கூப்பிட வேண்டியதுதானே? கை முறிஞ்சா போச்சு?"

எல்லோரும் சிரித்தோம். கடைசி வரிசைக்காரர் குனிந்தே இருந்தார்.

"சரி, எழுதினவர் இனி பேசலாம்" என்றார் லெக்சரர்.

அவர் எழுந்தார்.

"நான் எழுதலை. உங்க மேடம் எழுதினது. எங்கம்மா. இதை டைப் பண்ணிட்டு இருக்கும்போதே மேஜையில சாஞ்சுட்டாங்க. முடிவு எழுதலை."

பிறகு என்னைப் பார்த்தார்.

"மீட்டிங் முடிஞ்சதும் கூப்பிட்டேன் தம்பி. அவங்க எடுக்கலை."