வாசிப்புத் துணைவரின் ரகசியம்

"உங்க ரகசியத்தைச் சொல்லாம இந்த அறையை விட்டு உங்களை அனுப்பறதா இல்லை சார்!" என்றார் தலைமையாசிரியை, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு.

எதிரே உட்கார்ந்திருந்த மீசைக்காரர் நெளிந்தார். "ரகசியமெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சரம்மா..."

"அடக்கம் போதும். ஆறு வாரத்துக்கு முன்னாடி என் பள்ளிக்கூடம் எங்க இருந்துச்சு தெரியுமா?"

வாசிப்பில் கடைசியில் இருந்தது. நூலக அறையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நிறம் ஒட்டியிருந்தார்கள். பக்கத்துக்கு ஒரே வரி என்றால் சிவப்பு, மூன்று நான்கு வரி என்றால் மஞ்சள், அதற்கு மேல் பச்சை, கதை நீண்டால் நீலம். ஒரு நிறத்தைத் தடுமாறாமல் வாசித்தால் அடுத்த நிறத்துக்குப் போகலாம். மூன்றாம் வகுப்பில் பதினொரு பேர் சிவப்பிலேயே வேர் விட்டுவிட்டார்கள். அது வெளியே தெரிந்தால் மானம் போகுமே என்று பதினொரு பேரும் ஆளுக்கொரு நீலப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பருவம் முடிவதற்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் நூலக அறை மூடப்படும் என்று மேலதிகாரி எழுதிவிட்டார். உடனே தலைமையாசிரியை, பிள்ளைகள் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு தன்னார்வலரை அனுப்பும்படி ஒரு சங்கத்துக்குக் கடிதம் போட்டார். கையோடு, பின்பக்கம் ஒழுகும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவும் ஓர் ஆளுக்குச் சொல்லி அனுப்பினார். அடுத்த செவ்வாய்க்கிழமை மீசைக்காரர் வாசலில் வந்து நின்றார். அதன் பிறகு ஒரு செவ்வாய் கூடத் தவறவில்லை. இன்று பத்துப் பேர் பச்சை. வாயைத் திறந்தாலே காற்று மட்டும் வருவதால் 'முணுமுணுப்பு' என்று பெயர் வாங்கிய சிறுமி நீலத்துக்கே போய்விட்டாள்!

"நாளைக்கு மேலதிகாரி வர்றார். நீங்கதான் உங்க முறையை விளக்கணும். முதல்ல, நீலத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்த பசங்களை எப்படி சார் அழவிடாம சிவப்புக்கு இறக்கினீங்க?"

"அதுங்களா... முணுமுணுப்பு தடிப் புத்தகத்தைக் கொண்டு வந்து நீட்டுச்சு. 'இவ்வளவு பெருசைக் கேட்டா எனக்குத் தூக்கம் வந்துடும் பாப்பா. படம் பெருசா, எழுத்து கம்மியா ஏதாவது எடுத்துட்டு வா'ன்னேன். ஐயோ பாவம்னு என்னைப் பார்த்துட்டு சிவப்பை எடுத்துட்டு வந்துச்சு. மத்ததுங்களும் அப்படித்தான்."

'குழந்தையின் தன்மானம் காத்தல்' என்று எழுதி அடிக்கோடிட்டார் தலைமையாசிரியை.

"வார்த்தை தடுக்கினா சொல்லிக் கொடுக்க மாட்டீங்களாமே?"

"எங்கேங்க சொல்றது? கண்ணாடியை வீட்டுலேயே மறந்துடறேன். 'எனக்கும் தெரியலை கண்ணு, நீயே எழுத்துக் கூட்டிப் பார்த்துச் சொல்லு'ம்பேன்."

'தானே கண்டறியும் முறை.' எழுதும்போதே அவருக்குப் புல்லரித்தது.

"ஒரே புத்தகத்தை நாலு தடவை படிக்க வெச்சீங்களே, அது?"

"ஆமையோட தொப்பி தானா தொலைஞ்சதா, முயல் ஒளிச்சு வெச்சதான்னு எனக்குப் பிடிபடவே இல்லீங்க. முணுமுணுப்பு தலையில அடிச்சுக்கிட்டு மறுபடி மறுபடி படிச்சுக் காட்டுச்சு. நாலாவது தடவை முயல் மாதிரியே கத்த ஆரம்பிச்சுடுச்சு. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு."

'பாவனையோடு மறுவாசிப்பு' என்று எழுதிய தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருபது வருஷமா எத்தனையோ பயிற்சி வகுப்புல உட்கார்ந்திருக்கேன். யாரும் இப்படிப் புட்டுப் புட்டு வெச்சதில்லை. எந்தக் கல்லூரியில சார் படிச்சீங்க?"

மீசைக்காரர் எழுந்தே விட்டார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா, இதுக்கு மேல மறைச்சா நல்லா இருக்காது. நான் குழாய் ரிப்பேர் பண்ற ஆளு. வந்த அன்னிக்கே சொல்ல வாயெடுத்தேன். நீங்க 'பேசாம உட்காருங்க'ன்னீங்க. டீச்சர் உட்காருன்னா உட்கார்ந்துதானே எனக்குப் பழக்கம்? அப்புறம் கதையைப் பாதியில விட்டுட்டுப் போக மனசு வரலை."

தலைமையாசிரியையின் கையிலிருந்து பேனா நழுவியது.

"அப்போ... ஆறு வாரமா பின்பக்கம் தண்ணித் தொட்டிக்கு அடியில படுத்துக்கிட்டிருக்கறவர் யாரு?"

கதவு மெல்லத் திறந்தது. கழுத்தில் நனைந்த டையும் கையில் ஸ்பேனருமாக, உச்சி முதல் பாதம் வரை சொட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார்.

"மேடம், ஒழுகல் ஒருவழியா நின்னுடுச்சு. இனிமேலாவது பிள்ளைங்க படிக்கறதைக் கேட்க என்னை விடுவீங்களா?"