நாலு மூலைச் சத்தம்

"பாட்டு கெடக்கட்டும் பாய், அதை நிப்பாட்டும். எனக்கு நாலு மூலையிலயும் சத்தம் ஒண்ணு போல வரணும். எங்கன இருந்து வருதுன்னே ஆளுக்குத் தெரியப்படாது."

துல்கர்னைனுக்குத் தலை சுற்றியது. தென்காசியில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்த இத்தனை வருஷத்தில், பாட்டு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு ஸ்டீரியோ செட் வாங்க வந்த முதல் ஆள் இந்த வல்லிநாயகம்தான்.

அதற்காக ஆளைத் திருப்பி அனுப்பவும் முடியாது. மச்சான் ஆதம் துபாயிலிருந்து அனுப்பிய மூன்று ஸ்டீரியோ செட்டுகள் ஹஜ்ஜுப் பெருநாளிலிருந்து கடையில் தூசி குடித்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்று விற்றாலும் குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கலாம் என்று மனைவி ஜாஹிரா பீவிக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பக்கத்து வீட்டு ஷமீம் பானு போன சீசனில் அப்படித் தூங்கி எழுந்து வந்து தெரு முழுக்க அளந்துவிட்டாள். அன்றிலிருந்து துல்கர்னைனுக்கு வீட்டில் சோறு கிடைக்கிறது, பேச்சு கிடைப்பதில்லை.

"இந்தப் பெரிய செட்டைப் பாருங்க அண்ணாச்சி. அசல் ஜப்பான்" என்று சொல்லி ரேடியோ முள்ளை எஃப்.எம். பக்கம் திருப்பினான். இந்த ஊரில் எஃப்.எம். எதுவும் எடுக்காது என்பது திருப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. நல்லவேளை, செட் கம்மென்று இருந்தது.

"என்ன பாய், ஊமையாயிட்டு?"

"அதாம் அண்ணாச்சி இதோட விசேஷம். ஸ்டேஷன் இல்லாத எடத்துல இரைச்சலைத் தானா அமுக்கிரும்."

"அப்ப இது வேண்டாம்."

துல்கர்னைன் சின்ன செட்டைப் போட்டான். அது சொய்யென்று கத்தியது.

"இது கடுகுல்லா தாளிக்கு! வேற காட்டும்."

மிச்சம் இருந்தது நடுத்தர செட். நாலு ஸ்பீக்கர் பாக்ஸையும் கடையின் நாலு மூலையில் வைத்து ஸ்விட்சைப் போட்டான். 'ஸோ'வென்று கடை நிறைய ஒரே இரைச்சல். போச்சு, வியாபாரம் போச்சு என்று பதறிப்போய் அணைக்கக் கையை நீட்டினான்.

"ஏ, கையை எடும்!"

வல்லிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு நடுக்கடையில் நின்றார். கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். "அந்த அடித்தொண்டையைக் கொஞ்சம் கூட்டும்" என்றார். துல்கர்னைன் பேஸைக் கூட்டினான். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"இதான் பாய்! இதத்தான் தேடிக்கிட்டு அலையுதேன்!"

சரிதான், வெளியே பெய்கிற சீசன் மழைக்குச் சிலபேருக்கு இப்படி ஆகும் போலிருக்கிறது என்று துல்கர்னைன் நினைத்துக்கொண்டான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அண்ணாச்சி, இது வெறும் இரைச்சல். பொறவு வந்து பாய் ஏமாத்திட்டாருன்னு சொல்லப்படாது."

"ஏமாத்தா? போம்வே! ராப்பகலா ஓடுனா சூடாகுமா, அதைச் சொல்லும்."

"காத்தோட்டமா வச்சா ஒண்ணும் செய்யாது."

எல்லாம் சரியாக வந்து விலையில் முட்டிக்கொண்டது. இவன் இறங்கவில்லை, அவர் ஏறவில்லை. கடைசியில் வல்லிநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டார். துல்கர்னைனுக்கு உயிரே போய்விட்டது.

"ஒண்ணு செய்வோம் பாய். குற்றாலத்துல நமக்கு ஒரு லாட்ஜ் இருக்கு. நான் சொன்ன விலைக்குக் குடும். உம்ம வீட்டம்மாவோட வந்து சும்மா தங்கிட்டுப் போரும்."

துல்கர்னைன் செட்டைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தான். "அண்ணாச்சி, ரூம்ல இருந்தா அருவிச் சத்தம் கேக்குமா? எம் பொண்டாட்டி அதுக்காகத்தான் உசிர விடுதா."

"கேக்குமாவா! காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் படுக்கணும். ஒடனே வராதேயும், ஒரு வாரம் கழிச்சு வாரும்."

அடுத்த வாரம் சாரலில் நனைந்தபடி இருவரும் போய் இறங்கினார்கள். லாட்ஜ் ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தென்னந்தோப்புக்குள் இருந்தது. இங்கிருந்து அருவி ஒரு மைலாவது இருக்குமே என்று துல்கர்னைன் கணக்குப் போட்டான். ரூம் கதவைத் திறந்ததும் காதை அடைத்தது. அப்படி ஒரு முழக்கம்!

"மலைக்காத்து நேரா நம்ம மாடிக்குத்தான் பாய் அடிக்கும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு, வல்லிநாயகம் அவசரமாகப் படியிறங்கிப் போனார்.

"அல்லாவே!" ஜாஹிரா பீவி கட்டிலில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்தாள். "ஏங்க, தலமாட்டுலயேல்லா விழுது!"

ஒரு வருஷம் கழித்து அவள் வாயிலிருந்து 'ஏங்க' வந்தது. துல்கர்னைனுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வல்லிநாயகம் நல்லா இருக்கணும் என்று மனசார நினைத்தான்.

"அந்த ஷமீமு ஒரு பக்கமாத்தான் கேட்டிருப்பா" என்றாள் ஜாஹிரா பீவி. "நமக்கு நாலு பக்கமும்லா கேக்குது! இன்னைக்கு என்னை யாரும் எழுப்பப்படாது, சொல்லிட்டேன்." ஆறு மணிக்கே போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

"இனிமே வருஷா வருஷம் இங்கனதான்" என்று துல்கர்னைன் மார்தட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று கரண்ட் போனது.

விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, அருவியும் நின்றது.