நல்லெண்ணெய்

கடைசித் திருகு கழன்றதும் நாற்றம் முகத்தில் அடித்தது.

வெந்த ரப்பர். கூடவே வேறு ஏதோ ஒன்று. அடுக்களையில் இருக்க வேண்டிய வாசம்.

அவன் கிளட்ச் மூடியைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பித் துப்பினான்.

எட்டுச் சக்கர வண்டி. தரையிலும் ஓடும், தண்ணீரிலும் ஓடும். வெள்ளத்தில் ஆட்களை மீட்பதற்கென்று தாலுகாவுக்கு வந்த ஒரே வண்டி. இப்போது அதன் வயிறு முழுக்கச் சாக்கடை வண்டல். செத்த மீன், ஒற்றைச் செருப்பு, நெளியும் புழு. விசாரணை முடியும்வரை கழுவக் கூடாது என்று உத்தரவு. பத்து நாளாக இப்படியே கிடக்கிறது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஷெட் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ராயப்பனைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று வண்டியை ஓட்டியவன் ராயப்பன்.

பள்ளிக்கூட மொட்டை மாடியில் ஒதுங்கியிருந்த ஒரு பெண்ணைப் பாம்பு கடித்திருந்தது. அவளை எடுத்துவரப் போனான். போகும் வழியில், நடுத் தண்ணீரில் எஞ்சின் அலறியது. சக்கரம் சுற்றவில்லை. வண்டி வெள்ளத்தோடு போய்க் கருவேல முள்ளில் சிக்கியது. இரண்டு மணி நேரம். வேறு படகு அவளிடம் போய்ச் சேர்ந்தபோது அவள் உடம்பு குளிர்ந்திருந்தது.

ஓட்டியவன் தவறா, வண்டியின் பழுதா. மூடியைத் திறந்த அவன்தான் ஷெட்டின் மெக்கானிக். சாயங்காலத்துக்குள் எழுதித் தர வேண்டும். ஓட்டியவன் தவறு என்று எழுதினால் ராயப்பனுக்கு வேலை போய்விடும்.

அவனுக்குச் சந்தேகமே இல்லை. பயல் பயந்துபோய் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை முறுக்கியிருப்பான். எஞ்சின் சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் பெல்ட் நின்ற இடத்திலேயே தேய்ந்து வெந்திருக்கும். இப்போது வந்து வண்டி சரியில்லை என்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"பிரேக்கத் தொடவே இல்லண்ணே," என்றான் ராயப்பன் வாசலிலிருந்து. பத்து நாளாக இதையேதான் சொல்கிறான். "தண்ணிக்குள்ள எதுக்குண்ணே பிரேக்கு?"

அவன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

இரண்டு கிளட்சையும் இணைக்கும் பெல்ட்டை உருவி எடுத்தான்.

பிரேக்கைப் பிடித்து முறுக்கியிருந்தால் பெல்ட் ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்திருக்கும். கண் தேவையில்லை. விரலே சொல்லிவிடும்.

கண்ணை மூடி, பெல்ட்டை விரல்களுக்கிடையே முழுச்சுற்று ஓடவிட்டான்.

ஒன்றும் தட்டவில்லை.

இன்னொரு சுற்று.

எங்கும் பள்ளம் இல்லை. பெல்ட்டின் இரண்டு விளிம்பும், சுற்று முழுக்க, ஒரே சீராகப் பளபளத்தன. பெல்ட் ஓடியிருக்கிறது. ஓட ஓட வழுக்கியிருக்கிறது.

தண்ணீர் உள்ளே போயிருக்குமோ? மூடியின் ரப்பர் வளையம் அப்படியே இருந்தது. எஞ்சின் ஆயில் கசிந்திருக்குமோ? கசியும் இடத்தில் தூசிதான் இருந்தது.

பெல்ட்டைக் கவ்வ வேண்டிய கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே விரலை விட்டான். பிசுக்கு.

மூக்கருகே கொண்டுபோனான்.

நல்லெண்ணெய்.

அவன் விரலை வேட்டியில் துடைத்தான். திரும்பவும் மோந்தான். திரும்பவும் துடைத்தான்.

வண்டி வந்த நாளிலிருந்து அந்த மூடியை அவனைத் தவிர யாரும் திறந்ததில்லை. திருகு ஆறிலும் அவன் தொட்டு வைத்த சிவப்புப் பெயிண்ட் இன்று காலை வரை உடையாமல்தான் இருந்தது.

ஆயுத பூசை அன்று வைத்த பெயிண்ட்.

ஷெட்டில் ஒரு ஸ்பேனர் விடாமல் நல்லெண்ணெய் போட்டுத் துடைத்தான் அன்று. எட்டுச் சக்கரத்துக்கும் எட்டு எலுமிச்சம்பழம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினான். வண்டியின் உள்ளேயும் சுத்தமாக இருக்கட்டும் என்று இந்த மூடியைத் திறந்தான். எல்லாம் மின்னியது, இந்தத் தட்டுகள் மட்டும் மங்கிக் கிடந்தன. பூசை நாளில் மங்கலாக எதுவும் இருக்கக் கூடாது. எண்ணெய்த் துணி கையிலேயே இருந்தது.

எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டி பத்தடி போனபோது ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு வண்டி வெளியே போனது வெள்ளம் வந்த அந்த ஒரு நாள்தான்.

மூடியை எடுத்து மடியில் வைத்தான். உட்புறம் கரிய பெல்ட் தூள் அப்பியிருந்தது. பெட்ரோலில் நனைத்த துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்தான். கம்பெனி ஒட்டி அனுப்பிய மஞ்சள் ஸ்டிக்கர் தெரிந்தது. ஓர் எண்ணெய்க் குவளைப் படம். அதன் குறுக்கே சிவப்புக் கோடு. எழுத்துத் தெரியாதவனுக்கும் விளங்கும்.

படத்தின் நடுவில் காய்ந்த சந்தனம். அதன் மேல் குங்குமம். அவன் மோதிர விரல் அகலம்.

தன் கையைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஒரு துடைப்பு போதும். தட்டுகளுக்கு இன்னொரு துடைப்பு. பிறகு வெந்த பெல்ட் மட்டும்தான் மிஞ்சும். வெந்த பெல்ட்டுக்கு என்ன காரணம் எழுதினாலும் மேலே நம்புவார்கள்.

அவன் துணியை மறுபடியும் பெட்ரோலில் முக்கினான்.

பக்கத்தில் நிழல் விழுந்தது. ராயப்பன் ஒரு மக் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தான்.

"ரொம்ப நேரமா துடைச்சிக்கிட்டே இருக்கீங்க. சேத்து நாத்தம் லேசுல போவாதுண்ணே. கைய நீட்டுங்க, ஊத்துறேன்."

துணியிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் அதைக் கீழே போட்டான். பெல்ட்டை எடுத்து ராயப்பனிடம் நீட்டினான்.

"மோந்து பாரு."